பதினேழு தாள்கள்

செங்கல் ஏற்றப் போன கோதண்டன்
லோடு ஆட்டோவின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து
ரப்பர் பேண்டு போட்ட ஒரு சுருளை
என் வாசற்படியில் வைத்தான்.
"சூளைப் பசங்க, பதினேழு பேரு.
கால வச்சு வரைஞ்சது.
சித்திரைக்குள்ள முடியுமாக்கா?
தரை இப்பவே கொதிக்குது."

பகலில் நான் தைப்பது கம்பெனியின் மேல்தோல்.
ஜோடிக்குப் பதினான்கு ரூபாய்.
நாற்பத்திரண்டு தையல்,
ஒன்று தப்பினாலும் ரிட்டர்ன்.
பேரணாம்பட்டை விட்டு அது எங்கே போகிறதென்று
பெட்டி மேல் அச்சடித்திருப்பார்கள்.
போட்டு நடப்பவரின் கால்
கறுப்பா, வெளுப்பா, ஆணி உண்டா,
ஒன்றும் எனக்குத் தெரியாது.

இந்தக் கால்கள் தாளோடு வந்துவிட்டன.
கரண்ட் பில்லின் முதுகில் ஒன்று.
மஞ்சள் நீராட்டு அழைப்பிதழில் ஒன்று,
குதிகால் சரியாக
'உற்றார் உறவினர்' மேல் ஊன்றியிருந்தது.
ஒருத்தி இரண்டுமே இடது காலாக வரைந்திருந்தாள்.
ஒருவன் கட்டைவிரலுக்கு மீசை வைத்திருந்தான்.
ஒரு தாளில் கோடு
உள்ளங்கால் வளைவில் துள்ளிப்
பக்கத்துக்கு ஓடியிருந்தது.
பென்சில் கூசியிருக்கும். சிரித்திருப்பான்.

தோல் ஊரில் தோலுக்குக் காசில்லை.
தெருவில் கிழிந்த ஜீன்ஸ் கேட்டேன்.
முழங்காலில் கிழிந்தது,
வேண்டுமென்றே கிழித்து விற்றது,
ஜிப் போனது, பெயின்ட் கொட்டியது,
ஒன்பது சேர்ந்தன.
ஒன்றின் பின் பாக்கெட்டில்
ஆம்பூர் டிக்கெட்டும் ஒரு பாக்கு மிட்டாயும்.
மிட்டாயை வஹீதா தின்றாள்.
அடிக்கு லாரி டயர்,
பஞ்சர் கடை சின்னதம்பி
தன் கத்தியாலேயே அறுத்துக் கொடுத்தான்.

ராத்திரி பத்துக்கு மேல்தான் எங்கள் நேரம்.
எஸ்தர் வெட்டுவாள், வஹீதா ஓரம் மடிப்பாள்,
நான் குத்தூசி.
டயர் தோல் மாதிரி இணங்காது,
ஒவ்வொரு துளைக்கும் சண்டை போடும்.
தையலை யாரும் எண்ணவில்லை.
ஆனாலும் என் விரல்
நாற்பத்திரண்டில் ஒருமுறை நின்று பார்த்தது.

பதினாறு முடிந்தது.
பதினேழாவது தாளை விரித்தால்
பாதி விளக்கு மறைந்தது.

'வயது ஒன்பது' என்று எழுதியிருந்தது.
ஒன்பதில் மட்டும் இரண்டு முறை
பேனா அழுத்தியிருந்தது.
என் காலை அதன்மேல் வைத்தேன்.
அரை விரல் எனக்குத்தான் குறைந்தது.
குதிகால் கோடு நேராக இல்லை,
வெடிப்பில் விழுந்து விழுந்து
ஏறி வந்திருந்தது.

"ஏமாத்து" என்றாள் வஹீதா.
"பிள்ளைங்களுக்குன்னுதானே சொன்னாங்க."
எஸ்தர் கத்தரியைக் கீழே வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
துணியும் தீர்ந்திருந்தது.

வஹீதா எழுந்து போனாள்.
கோபம் என்று நினைத்தோம்.
கால் மணி கழித்து வந்து
ஒரு ஜீன்ஸை மடியில் போட்டாள்,
ஸ்டிக்கர்கூடப் பிரிக்காதது.
"பீரோவுல ரெண்டு வருஷமாத் தூங்குது.
துபாய்லருந்து வந்து கேட்டா
கரப்பான் தின்னுச்சுன்னு சொல்லிக்கிறேன்."
எஸ்தர் வெட்டத் தொடங்கும்போது மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலட்டாற்றைத் தாண்டி மூட்டை போயிற்று.
போட்டார்களா, பத்திரமாகத்
தட்டி மேல் கட்டித் தொங்கவிட்டார்களா,
கோதண்டனிடம் கேட்டேன்.
"மீசைக்காரன் போட்டுக்கினே தூங்குறான்" என்றான்.
பெரியதைப் பற்றிச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நேற்று அடுத்த சுருள் வந்தது.
இருபத்திரண்டு தாள்.
பிரித்துத் தரையில் பரப்பினோம்.
வாசல்வரை கால்கள்.
அதில் ஏழு பேருக்கு வயது ஒன்பது,
ஏழும் பெரிய கால்.

வஹீதா எண்ணி முடித்துவிட்டு
துப்பட்டாவை இழுத்துச் செருகினாள்.
"சின்னதம்பிகிட்ட சொல்லு,
டயர் பத்தாது."