அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வருகிறார்.
நீ ஒன்றரைக்கே வந்துவிட்டாய்,
சட்டைப்பையில் சாவி இருந்தும்
அழைப்பு மணியை அடித்துவிட்டு.

ரீகாவில் ஒன்பதாவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை என்றாய், மூச்சிரைக்க.
அதுதான் முதல் பேச்சு, ஐவார்ஸ்,
வக்கீல் ஆபீஸுக்குப் பிறகு.

அடுப்புக்கு மேலே இடது அலமாரிக் கதவு
பக்கத்துக் கதவின் மேல் சாய்ந்து கிடக்கிறது,
கடைசி டிராமில் தூங்கிப்போனவன்
முன்பின் தெரியாதவர் தோளில் சாய்வதுபோல.
இரண்டு வருஷம் அதை
ஒரு விரலால் தூக்கி மூடினோம்.
விருந்தாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம்:
முதலில் தூக்கு, அப்புறம் தள்ளு.

மேல் கீலின் திருகு சும்மா சுற்றுகிறது.
பலகை அல்ல இது, பசை போட்டு அழுத்திய மரத்தூள்;
ஒருமுறை விட்டால் விட்டதுதான்.
புத்தாண்டு இரவு மேல்தட்டு பாட்டிலுக்காக
ஸ்டூலைத் தேடச் சோம்பல்பட்டு
இந்தக் கதவைப் பிடித்துத் தொங்கியது நான்.
உனக்குத் தெரியும்.
நீ தீக்குச்சிகளின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாய்.

மூன்று குச்சி, கொஞ்சம் பசை, ஓட்டைக்குள்.
ஒரு மணி நேரம் காயட்டும் என்றாய்.
நாற்காலிகள் போய்விட்டன.
நின்றபடியே கறுப்பு ரொட்டி, டப்பா மீன்.
கட்டாமல் விட்ட ஒரே கோப்பையில் டீ.
கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்தாய்.

பிறகு நீ ஸ்டூல் மேல், நான் கதவடியில் தோள் கொடுத்து.
இடது.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
ஐயோ, அதிகம். பின்னால் வா.
கீழே இடிக்கிறது, ஸனிதா, தூக்கு.
பிடிச்சிருக்கேன்.
விடலாமா?
இரு.
விடு.

இரண்டு கதவுக்கும் நடுவே
நூல் பிடித்ததுபோல் ஒரே இடைவெளி.
இவ்வளவு சுலபமா என்று
இருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஸாரின்ஷ் அலமாரிப் பக்கமே போகவில்லை.
குளியலறையில் மண்டியிட்டு
ஒரு துருக்கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்து
முப்பத்தைந்து யூரோ பிடித்துக்கொண்டார்.
நானாகவே போய்த் திறந்து காட்டினேன்.
மூடும்போது விரல் தன்னால் கீழே போனது;
தூக்க ஒன்றுமில்லை.

பணத்தை ஜன்னல் திட்டில் எண்ணிப் பிரித்தோம்.
மிஞ்சியது ஒரு ஐந்து யூரோ நோட்டு.
பசைக்கு வைத்துக்கொள் என்றாய்.
வாங்கிக்கொண்டேன்.
பசை நீ கொண்டுவந்தது.