முதல் வகுப்பு, குத்தாயிசி

ஒவ்வொரு செப்டம்பரும்
எத்தேரி டீச்சர் மின்முனைகளைத்
தன் கையிலேயே ஒட்டிக்கொள்வார்.
ஈசிஜி ஓடும். தாளில் தேதியிட்டு
மேசைக்குள் வைப்பார்.
தாள் தீராமல் பார்ப்பது என் வேலை.

தொண்ணூற்று மூன்றின் தாள் பாதியில் நிற்கிறது:
கரண்ட் போயிற்று,
எல்லோரும் ரொட்டி வரிசைக்குப் போனோம்.
இன்னொன்றில் துடிப்பு நூற்றிருபது.
மாடிப்படி ஏறி வந்தேன் என்றார்.
வகுப்போ தரைத்தளத்தில்.

முப்பத்தோராவது தாளில்
இரண்டு மேடுகளுக்கு நடுவே
நீளமாய் ஒரு சமவெளி.
"கருவியில் என்ன பழுது?"
வழக்கமான கேள்விதான்.
கம்பிகளை ஆட்டிப் பார்த்தார்கள்,
எர்த்தைச் சோதித்தார்கள்.
கடைசி பெஞ்ச் லாஷா
எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.
"கருவி சரியாக இருக்கிறது, டீச்சர்."

முழு மதிப்பெண் என்றார்.
தேதியிடாமலே தாளை உள்ளே வைத்தார்.

பிறகு நான்தான் போட்டேன்.