எட்டாம் எண் அறை

பாபுராவ் தெருவில் எனக்கு ஒன்பது அறைகள்.
மீன் பொரிக்கக் கூடாது என்று
வங்காளத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.
எழுதிக் கொடுத்த மருந்துக்கடைப் பையன்
உண்மையில் என்ன எழுதினானோ,
தினமும் கடுகெண்ணெய் மணக்கிறது.

சபையில் நான் மிஷனரிக் கமிட்டிப் பொருளாளர்.
வெஸ்ட்ரிச் சுவரில் உலகப்படம்;
சுவிசேஷம் போகாத இடங்களில்
சிவப்புக் குண்டூசி குத்துவது என் வேலை.
அந்த அளவுப் படத்தில்
வேலூர் இல்லை.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காயை
ஆயிரத்து முந்நூறுக்கு எடுத்தேன்,
தேசங்களின் பேரில்.
கை தட்டினார்கள்.
அந்த மாதம்தான் வாடகையில்
நாளுக்கு ஐம்பது ஏற்றியிருந்தேன்.
அதற்கு யாரும் தட்டவில்லை.

எட்டாம் எண்ணில் ஷாஹனாரா.
குரிகிராமிலிருந்து வந்தவள்.
எல்லையில் ஒரு நாள், ரயிலில் இரண்டு நாள்,
காட்பாடியில் இறங்கும்போதே
மகனுக்கு உதடு வெளுத்திருந்ததாம்.
ராகிப், ஏழு வயது,
ரத்தம் ஊறாத உடம்பு.
அகழித் தண்ணீரே கொதிக்கும் கத்திரி வெயிலில்
ஐந்து மாதமாய் அவன் கற்ற தமிழ்:
எவ்ளோ. நாளைக்கு வா. லைன்ல நில்லு.
சில்லறை இல்ல. ஊசி.
"எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்பது மட்டும்
நர்ஸம்மா குரலிலேயே வரும்.
இந்த ஊர் அவனுக்குக் கொடுத்தது அவ்வளவு.

வங்காளத் துண்டுப்பிரதிகள்
ஒரு கட்டு வந்தன.
கதவிடுக்கில் அறைக்கொன்று தள்ளினேன்,
கரண்ட் பில் மாதிரி.
அதில் ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது.
அட்டையில் ஒருவர்
கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் படிக்கட்டில் ராகிப் மறித்தான்.
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
முழுவதும் படித்திருக்கிறான்.
"இன்னா அங்கிள், இவரு வெளிய நிக்கறாரு.
ரூம் இல்லயா?"
இது வேற கதைடா என்றேன்.
"எவ்ளோ கேட்டாங்க?"

அன்றிரவு வரவுக் கணக்கைக் கூட்டினேன்.
சரியாகத்தான் வந்தது.
இன்னும் மூன்று தடவை கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில்
ஷாஹனாரா ஒரு சீட்டை நீட்டி நீட்டி
போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஓ பாசிட்டிவ்.
என் லைசென்ஸிலேயே அச்சடித்திருக்கிறது அது.
முப்பது வருஷமாய்ப் பாடகர் குழுவில் நின்று
ரத்தத்தைப் பற்றி அடித்தொண்டையில் பாடுகிறேன்.
ஊசியைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும்.
எதிர்ச் சாரிக்குப் போய்விடலாமென்று
கால் திரும்பியும் விட்டது.
விசுவாசம் என்று சாட்சி சொல்ல மாட்டேன்.
பையன் பார்த்துவிட்டான்,
அவ்வளவுதான்.

கட்டிலில் படுத்து
மின்விசிறியின் மூன்று இறக்கைகளை
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
திரைக்குள் தலையை நுழைத்து
ராகிப் என் சுண்டுவிரலைப் பிடித்தான்.
"ஒண்ணுமில்ல அங்கிள்.
எறும்பு கடிக்கிற மாதிரிதான்."
நர்ஸம்மாவின் குரல்,
குரிகிராமின் நாக்கு.
எந்தத் தேசத்தை எந்தத் தேசத்துக்கு அனுப்பினார்கள்?
கமிட்டியில் கேட்டால்
தீர்மானம் போட்டுவிடுவார்கள்.

பிஸ்கட் கொடுத்தார்கள். பாதி அவனுக்கு.
வீட்டுக்கு வந்து பூசணிக்காயைத் தூக்கிப்போய்
எட்டாம் எண் வாசலில் வைத்தேன்.
ஐம்பதைக் குறைத்தேன், ஒன்பது அறைக்கும்.
"இப்பவாவது" என்றாள் நேசமலர்,
தலையை நிமிர்த்தாமலே.

சாயங்காலம் மாடியிலிருந்து
பூசணியோடு மீனும் வெந்த வாசனை இறங்கியது.
போர்டைப் பார்த்தேன்.
எனக்கு வங்காளம் தெரியாதது
நல்லதாய்ப் போயிற்று.