நேர்காணல்

சித்திரையில ரிட்டையர் ஆனவரு சொரிமுத்து.
வருசா வருசம் சித்திரையில
கொக்கிரகுளம் கருவூலத்துக்கு வரணும்,
உசுரோட இருக்கேன்னு காட்ட.
நானும் போறேன்.
யாரும் கூப்பிடல.

வீரவநல்லூர்ல ஏழே கால் பஸ்.
மடியில பீடித்தட்டு இல்லாத பகல்
எனக்கு வருசத்துல அது ஒண்ணுதான்.

தீர்ப்புல எழுதியிருக்கு:
மாசம் நாலாயிரம்,
அவரு ஆயுசோ என் ஆயுசோ
எது முந்துதோ அதுவரைக்கும்.
வக்கீல் ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினாரு.
"அவரு போயிட்டா குடும்ப ஓய்வூதியம்
உங்களுக்கு வராதும்மா. அது மனைவிக்கு.
இன்னொருத்தி வந்தா அவளுக்கு.
நீங்க இப்ப மனைவி இல்ல."
கோர்ட்டு வாசல்ல நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தாரு.
சர்பத் இறங்கிச்சு.
அந்த 'இல்ல' இறங்க நாளாச்சு.

இருபத்தாறு வருசம்
கன்னடியன் கால்ல மடை திறந்த ஆளு.
ராத்திரி ரெண்டு மணிக்கு
எவனாவது வந்து கதவத் தட்டினா
டார்ச்ச எடுத்துக் குடுத்தது நான்.
எந்த வயலுக்கு எத்தன நாழி,
எவன் களவாண்டு வரப்ப வெட்டினான்,
எல்லாம் அவரு நோட்டுல இருக்கும்.
கூட்டிப் போட்டது நான்.
"மேல்மடை குடிச்ச மிச்சம்னு குடுக்கக் கூடாதுட்டி,
கீழ்மடைக்கும் முறை உண்டு"ம்பாரு.
பணிக்கொடை, கம்முட்டேசன் எல்லாம் சேத்து
பதினாலு லட்சம்னு கேள்வி.
கீழ்மடைக்கு முறை உண்டுதான்.
அது வயலுக்கு.

பென்சன் பாரத்துல
சோடிப் போட்டோவுக்கு ஒரு கட்டம் இருக்காம்.
அவரு தனியா எடுத்து ஒட்டியிருக்காரு.
அவரு மதினி பாத்துட்டு வந்து சொன்னா:
நடுவுல நிக்கல, பேராச்சி,
ஓரமா ஒதுங்கி
இடம் விட்டு நிக்காரு.

தாலி கெடந்தப்ப
மாங்கல்யம் நெலைக்கணும்னு கும்பிட்டதெல்லாம்
வாய்ப்பாடு மாதிரி.
குடிச்சிட்டு வந்த ராத்திரியில
வேற மாதிரியும் கும்பிட்டிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.
இப்பதான் மனசார கேக்குதேன்.
அவருக்கு சுகர் ஏறக் கூடாது.
நெஞ்சு அடைக்கக் கூடாது.
வண்டியில போனா ஹெல்மெட் போடணும், தாயே.

இந்த வருசம் மூணாவது வரிசையில இருந்தாரு.
சட்டைப் பொத்தான் ஒண்ணு மாறிப் போட்டிருந்தாரு.
பேரு கூப்பிட்டாச்சு, விரல வச்சாச்சு.
மிசின் சிவப்பு காட்டுது.
மறுபடி வச்சாரு. சிவப்பு.
அஞ்சாவது தடவையும் சிவப்பு.
"ரேகை சேரலையே ஐயா" என்கா அந்தப் பிள்ள.
எப்படிச் சேரும்?
சட்டர் சக்கரம் சுத்துன விரல்.
கிரீசும் துருவும் தின்ன மிச்சம்.

எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.
அங்கன சிவப்பு எரிஞ்சா
இங்கன என் அடுப்பு எரியாது.
எந்திச்சுப் போனேன்.
பாட்டில் தண்ணியில முந்தானைய நனச்சு
அவரு பெருவிரல அழுத்தித் தொடச்சேன்,
உள்ளங்கையில தேச்சு சூடேத்தினேன்.
எங்க பீடிக்கடையிலயும் இதே கததான்,
இலை நறுக்குற விரல மிசின் நம்பாது.
ஆறு வருசம் கழிச்சு அந்தக் கை.
நகம் வெட்டாம கெடந்துச்சு.

பச்சை எரிஞ்சது.

"நீங்க யாரும்மா, வீட்டுக்காரம்மாவா?"
அவரு மிசினையே பாத்துக்கிட்டு நின்னாரு.
"கீழ்மடை" என்னேன்.
அந்தப் பிள்ளைக்கு விளங்கல.
அவரு பொத்தானக் கழத்தி
சரியா மாட்டினாரு.

பஸ்ல வரும்போது, முன்னீர்பள்ளம் தாண்டித்தான்
ஞாபகம் வந்துச்சு.
எனக்கும் பீடியில ஒரு பி.எஃப். கெடக்கு.
சின்ன பென்சன், ஆயிரத்துச் சொச்சம் வரும்.
அந்தப் பாரத்துல நாமினி பேர மாத்தவே இல்ல.
சொரிமுத்து. உறவு: கணவர்.

மாத்தணும்.
ஒரு ஆதார் நகல், ரெண்டு போட்டோ,
ஒரு நாள் கூலி போகும்.
ஆனி கழியட்டும், பாப்போம்.