ஒண்டும் திறக்கேல்லை

மல்லாவிச் சந்தியில் மின்சாரம் திரும்பி
பத்து நிமிடம் ஆகவில்லை.
கமநல நிலையத்து ஜெயசோதி அக்கா
மடிக்கணினியை என் மேசையில் கிடத்தி
கைக்குட்டையால் அதன் முகம் துடைத்தா.
"ஒண்டும் திறக்கேல்லை பிள்ளை,
உரப் பட்டியல் மட்டும்தான்.
பிறகேன் தொண்ணூற்றிரண்டு வீதம்
நிரம்பிக் கிடக்கு?"

நாலு ஜிபி றாம்.
புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தது, போன மாதம்,
நான்தான்.

பழைய காலத்து இயங்குதளம்
சும்மா கிடந்த இடத்தைச் சேமிப்பென்று நினைத்தது.
இதற்கு வெற்றிடம் வீண்.
நீங்கள் வழமையாய்க் காலையில் எதைத் திறப்பீர்களென்று
கணக்குப் பார்த்து வைத்திருக்கும்,
விழித்த கையோடு எடுத்துப் பக்கத்தில் வைக்கும்.
வவுனியா பஸ்ஸில், ஆளில்லா இருக்கையில்
பையை வைத்துக்கொண்டு வருவோமே,
யாரும் ஏறினால் ஒரு சொல் பேசாமல்
மடிக்குத் தூக்குவோமே,
அப்படி.

ஆகவே நிரம்பியிருப்பது நோயில்லை.
உங்களுடையது நோய்தான், அது வேறு கதை.

நெருக்கினால் எடுத்த எடுப்பில் வெளியே எறியாது.
நசுக்கும்.
மூன்று பக்கத்தை ஒரு பக்கமாய் மடித்து
றாமுக்குள்ளேயே ஒரு மூலையில் செருகும்.
அதுவும் முடியாத கட்டத்தில்
வன்தட்டுக்கு இறக்கும்.
உழவு இயந்திரப் பெட்டியில் இடமில்லாமல்
வளவில் கிடங்கு வெட்டித் தாட்டோமே அக்கா,
இடத்தை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு.

அக்கா சிரித்தா.
அவ தாட்டது தண்ணிப் பம்பி.
இரண்டு வருசம் கழித்துக் கிண்டி எடுத்து
மண் கழுவி, எண்ணெய் விட்டு,
மூன்றாம் நாள் இழுக்க ஓடியதாம்.
"அப்ப உதுதான் சுத்திச் சுத்தி நிக்குதோ?"
உதுதான். கிண்டிக்கொண்டு நிற்குது.

எனக்குப் பிடித்த விடயத்தை அவவிடம் சொல்லவில்லை:
ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பொய் முகவரி உண்டு.
வீடு முழுக்கத் தனக்கென்றே அது நம்பும்.
கீழே அதன் பக்கங்களைத் தூக்கி
அங்கொன்று இங்கொன்றாய் மாற்றிப் போடுவார்கள்,
அதற்குத் தெரியாது.
அதே இலக்கத்தில் தட்டும்,
கதவு திறக்கும்.

எட்டாம் ஆண்டில்
எங்கள் பள்ளிக்கூடம் நாலிடத்தில் நடந்தது.
அக்கராயன். தருமபுரத்தில் ஒரு மாமரம்.
விசுவமடுவில் தறப்பாள்.
நாலாவது இடத்துக்குப் பெயர் தெரியாது.
இடாப்பின் மட்டையில் மட்டும் பெயர் மாறவேயில்லை.
ரீச்சர் கூப்பிட்டா, நாங்கள் "உள்ளேன்" என்றோம்.
எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அட்டைத் திருகாணி ஒன்று தேய்ந்து கிடந்தது,
கழற்ற நேரமெடுத்தது.
பேச்சுக்கு அக்கா பின்னறையைக் காட்டி
"உங்கட பெட்டியிலும் இதே விண்டோசோ?" என்றா.
இல்லை, லினக்ஸ்.
"அது நிரம்பினால்?"

நிரம்பி, நசுக்கி, இறக்கி,
ஒரு வழியும் மிஞ்சாதபோது
கேர்னல் எல்லாவற்றுக்கும் புள்ளி போடும்.
ஆர் கூட இடம் பிடித்திருக்கோ
அதைக் கொல்லும்.
முன்னறிவித்தல் இல்லை.
ஆனால் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்:
பெயர், இலக்கம், நேரம்.

"எழுதுமோ?"

எழுதும்.

"கொன்றது தான்தான் எண்டும்?"

அதுவும்.

அவ திரையைப் பார்த்தா. அது அணைந்திருந்தது.
வெளியே ஒருவன் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து
ஸ்டார்ட் ஆக்க முயன்றுகொண்டிருந்தான்.

எட்டு ஜிபி போட்டேன்.
பட்டியல் சட்டென்று விரிந்தது,
ஆயிரத்து நூற்றுப் பதினேழு கமக்காரர்,
ஏக்கர், அந்தர், கையொப்பத்துக்கு வெறும் கட்டம்.
காசை எண்ணி வைத்துவிட்டு
கழற்றிய துண்டைத் தூக்கிப் பார்த்தா,
விரல் நீளப் பச்சைத் தகடு.
"இதுக்குள்ள ஏதும் மிச்சம் இருக்குமோ?"
கரண்ட் போனால் ஒன்றும் இராது அக்கா,
றாமின் குணம் அது.

சரி என்றா.
பிறகு பற்றுச்சீட்டில் அதைச் சுற்றி
கைப்பைக்குள், உள் அறையில்,
சிப்பை இழுத்து மூடினா.