பரீட்சை மீதி

கணக்கீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
என்னை இரண்டு நிரலாகப் பிரித்தேன்.
இடப்பக்கம் வரவு,
வலப்பக்கம் செலவு,
நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு.

திங்கள்.
ஐந்தரைக்கு எழும்பினேன்: வரவு.
மரைன் டிரைவ் நெடுக, உப்புக்காற்றில்,
பம்பலப்பிட்டி வரை நடந்தேன்: வரவு.
திரும்பும்போது வண்டிக்காரரிடம் வல்லாரைக் கஞ்சி,
கித்துள் கருப்பட்டியை நாக்கின் கீழ் அடக்கி: வரவு.
கருப்பட்டியும் இனிப்புத்தானேடி, என்றாள் பஸ்லியா.
அதையும் எழுதினேன்,
வலப்பக்கத்தில், பொடி எழுத்தில்.

செவ்வாய் எதுவும் எழுதவில்லை.

புதன், இரவு பன்னிரண்டு நாற்பது.
காலி வீதிக் கொத்துக்கடையின் தகரச் சத்தம்
மூன்றாம் மாடி ஜன்னல்வரை ஏறிவந்து
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
ஒரு சீஸ் கொத்து, இரண்டு கரண்டி.
கோழித்துண்டு தேடி அவள் ஒரு மூலையைக் கிளற
நான் மறுமூலையில் சுரங்கம் வெட்டினேன்.
பிறகு நெஸ்கபே. பிறகு இன்னொரு நெஸ்கபே.
பிறகு கையில் போன்,
யாரோ ஒருத்தியின் திருமண வீடியோ,
அவளுடைய பூனை,
பூனைக்கு இருமல்.
மூன்று மணிக்குத்தான் ஞாபகம் வந்தது
கிரயக் கணக்கீடு இன்னும் திறக்கவேயில்லை என்று.

வியாழன் 155இல் நின்றபடி ஏறி
துன்முல்லைக்கு முன்னால் ஒரு சீற் கிடைத்தது.
அவ்வளவுதான்.
கம்பஸ் போயிற்று, நகர மண்டபம் போயிற்று,
மருதானையில் கொண்டக்டர் தோளில் தட்டி
'நங்கி, கொஹெட்டத?' என்றான்.
எங்கே போகிறாய் என்று கேட்டவனிடம்
சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.
நடுத்தவணைச் சோதனை பத்து மணிக்கு.
மணி பத்தரை.

அதன்பிறகு திருந்தினேன், பயங்கரமாக.
சீனி இல்லை. ஆறு மணிக்குப்பின் சோறு இல்லை.
பத்துக்கு விளக்கு அணையும்,
பஸ்லியா படித்துக்கொண்டிருந்தாலும் அணையும்.
அவளுடைய பிறந்தநாள் கேக்கில்
ஒரு விரல்நுனி கிறீம் தொட்டு
கழுவிவிட்டு வந்தேன்.
'சாப்பிட்டியா?' என்று அம்மா கேட்கும்போது
'ஓம்' என்பேன்.
ஒரு அப்பிள் சாப்பாடுதானே.

ஒரு நாள் இரவு போன் சொன்னது:
பத்தாயிரம் அடிக்கு எண்ணூற்றுப் பத்து குறைவு.
நள்ளிரவுக்கு இன்னும் ஒன்பது நிமிடம்.
இரண்டு கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில்
நடந்தேன், திரும்பினேன், நடந்தேன்,
வெறும் வயிறு, தலைக்குள் ஒரு இரைச்சல்.
இருட்டில் அவள் எழும்பியிருந்து
கொஞ்சநேரம் பார்த்தாள்.
'இது எந்தப் பக்கம்?'
என்று மட்டும் கேட்டாள்.

பேனாவோடு வெகுநேரம் இருந்தேன்.

உயர்தரத்தில் படித்ததுதான்:
பரீட்சை மீதி சமப்படாவிட்டால்
வித்தியாசத்தைத் தூக்கித்
தொங்கல் கணக்கில் போடு,
பிழை பிடிபடும்வரை.
பன்னிரண்டு புள்ளிக்காகப் பாடமாக்கியது,
எனக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று
அப்போது தெரியாது.

ஆகவே தொங்கலில் போட்டேன்:
மழைக்கு ஒதுங்கிய பேக்கரியில் தின்ற ரோல்ஸ்.
ஞாயிறு மத்தியானத்துத் தூக்கம்,
தலையணையில் எச்சில் பட.
வாப்பாவின் கடை மூடப்போகிறது என்று
விடிய இரண்டுமணிவரை பஸ்லியா அழுததும்
நான் தூங்காமல் கேட்டதும்.
அந்த இரவு நெஸ்கபே குடித்தோம்,
மூன்று கரண்டி சீனியோடு.
அதை எங்கே எழுத?

நாளைக்குப் பரீட்சை, மூன்று மணித்தியாலம்.
கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் விட்டுவிட்டேன்.
சோறும் பருப்பும் வல்லாரைச் சம்பலும்.
ஒரு பிளேன்ரீ, சீனி அரைக்கரண்டி.
போனை அலுமாரியில் வைத்துப் பூட்டி
திறப்பை அவளிடம் கொடுத்தேன்
(பதினைந்து நிமிடத்தில் திரும்ப வாங்கினேன்,
அலாரம் வைக்க, சத்தியமாக
அலாரம் வைக்க மட்டும்).

கொப்பியில் இன்றைய நாளுக்குக் கீழே
அடிமட்டம் இல்லாமல் ஒரு கோடு இழுத்தேன்.
வளைந்தது.

கடைசி ரயில் போய்க் கண்ணாடி அதிர்ந்து அடங்கியபின்னும்
கீழே கொத்துக்கடை
தட்டிக்கொண்டே இருந்தது.
வெள்ளிக்கிழமை, என்றேன் அதற்கு.