ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில்

பின்னேரம் இரண்டரை.
ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம்
தவநேசனின் பயற்றந் தறை.
விதைத்து மூன்றாம் நாள்.
மூன்று துண்டு, ஒன்பது வெப்பமானி,
ஒரு கொப்பி, நான்.

முதல் துண்டை டிஸ்க் போட்டுப் புரட்டியிருக்கிறது.
கட்டி கட்டியாய்ச் சிவப்பு.
பிளந்த இடமெல்லாம் காற்றுக் குடியேற
மேல்மண் தனியே நின்று கொதிக்கிறது:
நாற்பத்திரண்டு.
ஒரு சாண் கீழே முப்பத்தொன்று.
இறங்கப் போன வெயிலுக்கு
வழியெல்லாம் வெற்றறை.

இரண்டாவது, கொத்துக் கலப்பையால் கீறினது.
முப்பத்தொன்பது.
அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

மூன்றாவது உழாதது.
காலபோக வைக்கோலைப் பரப்பித்
துளையில் விதை போட்டது.
முப்பத்துமூன்று.
கை வைத்தால்
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.

"உழாத காணி எண்டால்
ஆளில்லாத காணி எண்டு நினைப்பினம்."
வேலியோடு நிற்கிறான் தவநேசன்.
பதினொரு வருஷம் ஆளில்லாமல் கிடந்த காணி.
உழவுச் சத்தம்
ஊருக்குக் கேட்கவேணும் அவனுக்கு.

இதே காணிக்குள் அப்போது
முழங்காலில் நகர்ந்தவள் நான்.
முகக்கவசத்துக்குள் வியர்வை.
கம்பியைச் சரித்து, முப்பது பாகையில்,
இரண்டு விரலுக்கு ஒருதரம்
குத்திக் குத்தி மண்ணைக் கேட்டேன்.
இரும்பு உண்டு, இரும்பு இல்லை.
அதற்குமேல் அது பேசியதில்லை.

இப்பவும் வெப்பமானியைச் சரித்துத்தான் குத்துகிறேன்.
போதனாசிரியர் வசந்தரூபி சிரிக்கிறா:
"நேரே குத்துங்கோ, ஆழம் பிழைக்கும்."
எனக்குத் தெரியும்.
கைக்குத் தெரியாது.

அடுத்த நாள் சோளகம் எழும்பி
வைக்கோலை அள்ளி வேலி முழுக்கத் தொங்கவிட்டது.
மூன்றாம் துண்டு வெறும் மேலோடு.
நாற்பது.
இறுகின மண் சூட்டைத் தடுக்கவில்லை,
நேரே உள்ளே விட்டது:
ஒரு சாண் கீழேயும் முப்பத்தைந்து.
எழுதினேன்.
பிறகு வேலிக் கம்பியிலிருந்து
வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கித்
திரும்பப் பரப்பினேன்.
பறக்காமலிருக்க மேலே பாலைக் கொப்புகள்.
ஆராய்ச்சிக்கு இது பிழை.

விடிய ஐந்தரைக்கு,
டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
புரட்டின துண்டு இருபத்தாறு.
பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை
இரவுக்குள் கொடுத்து முடித்திருந்தது.
வைக்கோலுக்குக் கீழே இருபத்தொன்பது.
விலக்கினால்,
வளைந்த கழுத்தோடு ஒரு பயறு,
இன்னும் தலை தூக்காமல்.

திரும்ப மூடினேன்.
கொப்பியில் 'குறிப்பு' என்ற பெட்டி
ஒரு கிழமையாய் வெறுமையாய் இருந்தது.
எழுதினேன்:
காற்று. வைக்கோல். என் கை.